திருகோணமலையில் இன்டர்ன் வருடம்: வாட்டையும் வீட்டையும் ஒன்றாகக் கொண்டுபோவது எப்படி

இன்டர்ன் டொக்டராக (பயிற்சி மருத்துவராக) நியமனம் திருகோணமலைக்குக் கிடைத்திருக்கிறது. கலியாணம் முடிந்து ஒரு வருடமாக இருக்கலாம், இடுப்பில் கைக்குழந்தை இருக்கலாம், வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கலாம். இப்படி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். வாட் வேலையைச் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். வீட்டை எப்படிக் கொண்டுபோவது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதனால் ஒவ்வொரு பேட்சும் வந்து அதே பள்ளத்திலேயே விழுகிறது.

இந்த வருடத்தில் வீட்டுச் சண்டைகளின் அடியைத் தோண்டிப் பார்த்தால் அநேகமாக ஒரு ரோஸ்டர்தான் (டியூட்டி அட்டவணைதான்) கிடக்கும். எந்த இரவு ஆள் வருவார், எந்த இரவு வரமாட்டார், வந்தாலும் எத்தனை மணிக்குக் கண் திறப்பார் என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் போகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் சரிசெய்வதற்குத்தான்.

1. பஸ் ஏறுமுன் கையில் இருக்கவேண்டிய தாள்கள்

முதலாவது, இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு. அது இல்லாமல் நோயாளியில் கை வைக்க முடியாது. வெளிநாட்டில் படித்தவர்கள் ஈ.ஆர்.பி.எம். பரீட்சைச் சித்தியோடுதான் அந்தப் பதிவுக்கே போகலாம். அடுத்து நியமனக் கடிதம், தேசிய அடையாள அட்டை, பட்டச் சான்று அல்லது பெறுபேற்றுக் கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். குடும்பத்தோடு வந்தால் விவாகச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு ஆகியவற்றின் மூலப்பிரதிகளும் வேண்டும். எல்லாவற்றிலும் ஐந்து போட்டோகொப்பி எடுத்து, ஊரிலேயே உறுதிப்படுத்தி, ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு வாருங்கள். இங்கே வந்த பிறகு அதற்காக அலைய உங்களுக்குப் பகல் கிடைக்காது.

பெயர் எழுத்துக்கூட்டலை இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், பட்டத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும், விவாகச் சான்றிதழில் வேறொரு மாதிரி எழுதியிருக்கும். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும்போதும், பிறகு பிள்ளையின் பிறப்பைப் பதியும்போதும் இதுதான் இழுபடும்.

முதல் சம்பளம் மாத முடிவில் தானாக வந்துவிடும் என்று நம்பி வராதீர்கள். கடமையேற்ற கடிதமும் வங்கி விபரமும் போய்ச் சேர்ந்து, பட்டியலில் பெயர் ஏறவேண்டும். இரண்டு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்திருங்கள். ஓ.டி. (மேலதிக நேரக் கொடுப்பனவு) படிவத்தை மாதம் முடிந்த கையோடு நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு உரியதைச் சேர்த்து எழுத உட்கார்ந்தால் எந்த இரவு எத்தனை மணிவரை நின்றீர்கள் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

2. வீடு பிடித்தல்

தனி ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் அறை போதும். குடும்பம் என்றால் வெளியே வாடகைக்குத்தான் பார்க்கவேண்டும். உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம், உப்புவெளி என்று எல்லாப் பக்கமும் வீடு கேட்டுப் பாருங்கள். தெரிவு செய்யும்போது ஒரே கேள்வி: இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் 15 நிமிடத்துக்குள் வாட்டில் நிற்க முடியுமா? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உல்லாசப் பயணிகளின் சீசன் தொடங்கினால் சில வீட்டுக்காரர்கள் வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள். பன்னிரண்டு மாதமும் இருக்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஆறு மாத முற்பணம் கேட்டால், இடையில் போனால் மிச்சம் திரும்பி வருமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மின்சார மீட்டரைப் பாருங்கள். மேல்மாடியும் கீழ்வீடும் ஒரே மீட்டரில் இருந்தால் அந்த வீடு வேண்டாம். வீட்டுக் கட்டணம் 30, 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறுகிறது. இரண்டு குடும்பத்தின் பாவனை ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டு பேருமே மேல்படியின் விலையைக் கட்டவேண்டி வரும். தனி மீட்டர் என்றாலும், சாவி வாங்குகிற அன்றே மீட்டர் எண்ணைப் போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது வெக்கை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கொங்கிரீட் தட்டுக்குக் கீழே உள்ள மேல்மாடி அறை பின்னேரம் வரை அடுப்பு மாதிரி இருக்கும். இரவு முழுக்க நின்றுவிட்டு வருகிறவர் தூங்கவேண்டியதோ பகலில். ஓட்டுக்கூரை வீடு, அல்லது கீழ்வீடு, படுக்கையறைக்கு மேற்கு வெயில் படாத வீடு என்று பாருங்கள். இது சொகுசுக்காகச் சொல்வது இல்லை. பகல் தூக்கம் கெட்டவரின் கைதான் அடுத்த இரவு மருந்தின் அளவை எழுதும்.

ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரை இழுக்கும். அந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்குமா என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் முன்வீட்டு ஆச்சியைக் கேளுங்கள். பீலி, பூச்சாடித் தட்டு, கிணற்றடி வாளி எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்து விடுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்பதை இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

3. ரோஸ்டரை முதலில் குசினிச் சுவரில் ஒட்டுங்கள்

உங்கள் யூனிட் புதிய நோயாளிகளை எடுக்கும் கஷுவல்டி நாள்தான் உங்கள் வாரத்தின் முதுகெலும்பு. இரண்டு யூனிட் மாறிமாறி எடுத்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் கஷுவல்டி. அடுத்த நாள் போஸ்ட் கஷுவல்டி: முதல்நாள் வந்த எல்லோருடைய ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜும் அன்றுதான் குவியும். புதிதாக வருகிறவர்கள் கஷுவல்டி இரவுக்கு மட்டும் பயப்படுகிறார்கள். வீட்டாரோடு உரசல் வருவது இரண்டாம் நாள் பின்னேரம்தான். ஆள் வீட்டில் இருக்கிறார், ஆனால் இல்லை.

மாத ரோஸ்டர் கைக்கு வந்த அன்றே மூன்று நிறத்தில் ஒரு கலண்டர் போட்டு ஒட்டுங்கள். சிவப்பு என்றால் கஷுவல்டி: இரவு வரமாட்டார், போன் எடுக்காவிட்டால் பதறத் தேவையில்லை. மஞ்சள் என்றால் போஸ்ட் கஷுவல்டி: வந்ததும் சாப்பாடு, தூக்கம், நான்கு மணிநேரத்துக்கு ஒரு முடிவும் கேட்கக்கூடாது, காசுக் கதை பேசக்கூடாது. பச்சை என்றால் வீட்டு நாள். தடுப்பூசி, வங்கி, பிரதேச செயலகம், கோயில், மாமி வீட்டுப் பயணம் எல்லாம் பச்சையில் மட்டும் போடுங்கள். மஞ்சளில் போட்ட எந்த வேலையும் உருப்படாது.

கணவன் மனைவி இரண்டு பேரும் ஹவுஸ் ஒஃபிசர் (இன்டர்ன்) என்றால், இரண்டு யூனிட்டின் கஷுவல்டியும் ஒரே நாளில் விழாத மாதிரி தெரிவு செய்யுங்கள். ஒரே நாளில் விழுந்தால் அந்த இரவு பிள்ளைக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை.

இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. வாட்டில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் சேர்ந்து வேலை செய்வீர்கள். வெசாக்குக்கும் பெருநாளுக்கும் நீங்கள் நின்றால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உங்களுக்கு ஆள் நிற்கும். இரண்டு மாதத்துக்கு முன்னரே பேசி, எழுத்தில் மாற்றி, கன்சல்டன்ட்டிடம் சொல்லிவிடுங்கள். வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்ட டியூட்டியில் ஏதாவது நடந்தால் ரோஸ்டரில் பெயர் உள்ளவரைத்தான் கேட்பார்கள்.

4. பொறுப்பு எப்படி ஏறுகிறது

இன்டர்ன் காலம் பன்னிரண்டு மாதம், ஆறு ஆறு மாதமாக இரண்டு பிரிவில். முதல் மாதத்தில் உங்கள் வேலை சரியாக எழுதுவதும் நேரத்துக்குச் சொல்வதும்தான். கனூலா போடுவது கைக்கு வந்துவிடும். யாரை எப்போது எழுப்புவது என்பதுதான் கையில் வர நாளெடுக்கும்.

டெங்கு நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இங்கே நீங்கள் அதிகம் பார்க்கப்போவதும் அதைத்தான். பிளேட்லட் (இரத்தத் தட்டணு) ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கினால் இரத்தக் குழாயில் இருந்து நீர்க் கசிவு தொடங்கும் கட்டம் வருகிறது என்று எண்ணவேண்டும். கசிவு தொடங்கினால் 24 முதல் 48 மணிநேரம் ஆபத்துக் கட்டம் (கிரிட்டிகல் பேஸ்). 50 கிலோ ஆளுக்கு அந்தக் கட்டம் முழுவதற்கும் உரிய திரவப் பங்கு 4,600 மில்லிலீட்டர்: ஒரு நாள் பராமரிப்பு அளவு 2,100, உடல் நிறையின் ஐந்து வீதக் குறை 2,500. வாயால் குடிப்பதும் நாளத்தில் ஏறுவதும் இரண்டும் இதற்குள்தான். இங்கேதான் பிழை நடக்கும். பார்க்க வந்த உறவுக்காரர் அன்போடு செவ்விளநீர் வெட்டிக் கொடுப்பார், ஒரு போத்தல் ஜீவனி கரைத்துக் கொடுப்பார், அது சார்ட்டில் ஏறாது. நீங்கள் கணக்குப் பார்த்துச் சேலைனை ஓடவிடுவீர்கள். விடிய நெஞ்சில் நீர் கட்டி மூச்சு வாங்கும். கட்டிலடியில் ஒரு அளவுக் கோப்பையை வைத்து, “இதால் அளந்து, எழுதிப்போட்டுக் குடுங்கோ” என்று உறவுக்காரரிடமே பொறுப்பைக் கொடுங்கள். சிங்களம் பேசுகிறவரிடம் இதையே சிங்களத்தில் சொல்ல முடியவேண்டும். வருமுன் முப்பது வாக்கியமாவது பழகிக்கொள்ளுங்கள்.

சீனியரை அழைக்கும்போது சுற்றி வளைக்காதீர்கள். இப்படி இருக்கட்டும் (எச்.சி.ரி. என்பது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்; நீர் கசிந்தால் அது ஏறும்):

“சேர், 14ஆம் கட்டில், 22 வயது, 50 கிலோ, டெங்கு, காய்ச்சல் ஐந்தாம் நாள். கிரிட்டிகல் பேஸ் தொடங்கிப் பத்து மணித்தியாலம். பிரஷர் 95க்கு 75, வித்தியாசம் 20தான். கை கால் குளிர். எச்.சி.ரி. 40இல் இருந்து 48 ஆகிட்டுது. இரண்டு மணித்தியாலமாச் சலம் குறைவு. சேர் வந்து பார்க்கவேணும்.”

முப்பது விநாடிகூட ஆகாது. தூக்கத்தில் இருப்பவருக்கும் விளங்கும். கடைசி வசனத்தைத்தான் புதியவர்கள் விடுகிறார்கள். எல்லாம் சொல்லிவிட்டு, வரச்சொல்லிக் கேட்க வெட்கப்படுவார்கள். கேளுங்கள். இரவில் எழுப்பியதற்காக வாங்கும் ஏச்சு காலையில் மறந்துபோகும்.

கைமாற்றும்போதும் இதே ஒழுங்கு. “கட்டம் தொடங்கி 14 மணித்தியாலம், 4,600இல் 1,900 போனது, 2,700 மிச்சம், அடுத்த எச்.சி.ரி. ஆறு மணிக்கு.” இதைச் சொல்லாமல் “14 டெங்கு, பரவாயில்லை” என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டில் இருந்தும் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். நல்ல கைமாற்றம் செய்தவர்தான் பிள்ளைக்கு நிம்மதியாகச் சோறு ஊட்டலாம்.

பீ.எச்.ரி.யில் (நோயாளியின் கட்டில் சீட்டில்) ஒவ்வொரு குறிப்புக்கும் திகதி, நேரம், பெயர், கையெழுத்து. பொலிஸ் கேஸ் என்றால் இன்னும் கவனம். வருடங்கள் கழித்து நீதிமன்றத்தில் சாட்சிக்கு அழைக்கும்போது உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கையெழுத்து மட்டும்தான்.

இரண்டாவது ஆறு மாதத்தில் உங்கள் சொல்லைச் சீனியர் நம்பத் தொடங்குவார். அதுவரை அவர் வந்து பார்த்த விஷயத்தை இப்போது போனிலேயே முடிவெடுப்பார். அந்த நம்பிக்கை பாரமானது. பரிசோதித்துப் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஒருபோதும் சொல்லாதீர்கள். பிறகு எஸ்.எச்.ஓ. (சீனியர் ஹவுஸ் ஒஃபிசர்) ஆகும்போது உங்களை எழுப்ப இன்னொரு ஹவுஸ் ஒஃபிசர் இருப்பார்; ரெஜிஸ்ட்ரார் (விசேட மருத்துவராகப் பயிலும் டொக்டர்) ஆகும்போது அந்த யூனிட்டின் இரவே உங்கள் பெயரில் இருக்கும். இதை வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இன்டர்ன் முடிந்தால் எல்லாம் லேசாகிவிடும் என்று சொல்லி ஒரு வருடத்தை ஓட்டுகிறவர்கள் பலர். நின்று உழைக்கும் நேரம் குறையலாம், தலைக்குள் சுமப்பது கூடத்தான் செய்யும்.

5. கர்ப்பமும் பிரசவ லீவும்

உறுதியான கிழமையே யூனிட்டில் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் முடியட்டும் என்று மறைப்பது வீட்டு வழக்கம். ஆனால் எக்ஸ்ரே அறையும் சின்னமுத்து நோயாளியும் உங்கள் மூன்று மாதத்துக்காகக் காத்திருக்கமாட்டார்கள். வீடு இருக்கும் பகுதியின் குடும்பநல மாதுவிடம் பதிந்து கிளினிக் போங்கள். டொக்டர் என்பதற்காகத் தானே பிரஷர் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

அரச உத்தியோகத்தருக்கான பிரசவ லீவு பொது நிர்வாகச் சுற்றறிக்கை 4/2005இல் உள்ளது: முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள், அதன்பின் அரைச் சம்பளத்தோடு 84 நாள், அதற்கும் மேல் சம்பளமில்லாமல் 84 நாள். வேலைநாள் என்பதால் சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை கழித்து முதல் பகுதி ஏறக்குறைய நான்கு மாதம் வரும். தாய்ப்பால் மட்டும் கொடுக்கவேண்டியதோ ஆறு மாதம். நடுவில் இருக்கும் இரண்டு மாதத்துக்குத்தான் திட்டம் வேண்டும்.

அரைச் சம்பளம் எடுப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து. ஆனால் கணக்கைச் சரியாகப் பாருங்கள். கைக்கு வரும் தொகையில் பெரும்பங்கு ஓ.டி.யும் கொடுப்பனவுகளும். லீவில் ஓ.டி. இல்லை. எனவே வழக்கமாகக் கைக்கு வருவதில் பாதி வரும் என்று எண்ணி வாடகைக்கும் கடனுக்கும் பொருத்தினால் இடிக்கும். சம்பளச் சீட்டை எடுத்து அடிப்படைச் சம்பளத்தின் பாதியை மட்டும் எழுதி, அதிலிருந்து கடன் கழிவுகளைக் கழித்துப் பாருங்கள். அந்தத் தொகையில் வீடு ஓடாது என்றால், கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் இருந்தே ஒதுக்கத் தொடங்குங்கள்.

இன்டர்ன் பன்னிரண்டு மாதமும் பூர்த்தியாகவேண்டும். லீவு எடுத்த அளவு முடிவுத் திகதி பின்னால் போகும், முழுப்பதிவும் அதன் பின்னால் போகும். அது நட்டம் இல்லை, திகதி மாற்றம். ஆனால் வீட்டு ஒப்பந்தம், கணவரின் இடமாற்ற விண்ணப்பம், பட்டமேற்படிப்புப் பரீட்சை எல்லாம் இந்தப் புதிய திகதியில்தான் தொங்குகின்றன. லீவு விண்ணப்பத்தில் கிடைக்கும் ஒவ்வொரு அனுமதியையும் எழுத்தில் வாங்கிப் பிரதி வையுங்கள்.

தகப்பனுக்கு மூன்று வேலைநாள் விசேட லீவு உண்டு. பிரசவ நாளிலேயே மூன்றையும் செலவழிக்காமல், தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வரும் நாளுக்கு வையுங்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க ஆள் இருக்கும். வீட்டில் முதலாவது இரவு யாரும் இருக்கமாட்டார்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் கவனியுங்கள்: பிறப்பு நடந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதியவேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளையைத் திருகோணமலையில் பதிய முடியாது. 42 நாளுக்குள் முடித்துவிடுங்கள். பெயரைச் சாத்திரியாரிடம் கேட்கவேண்டும் என்றால் பிள்ளை பிறந்த கையோடு நட்சத்திரத்தைச் சொல்லி எழுத்துகளைக் கேட்டு இரண்டு பெயரைத் தயாராக வையுங்கள். திரும்பி வந்ததும் பிள்ளையின் பதிவேட்டோடு இங்குள்ள மாதுவிடம் போங்கள். இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகள் தவறுவது அநேகமாக இந்த இடமாற்றத்தில்தான்.

6. பாலும் பிள்ளை பார்க்கிற ஆளும்

பால் கறந்து வைப்பதை டியூட்டிக்குத் திரும்ப மூன்று கிழமை முன் தொடங்குங்கள். கறந்த பால் 25 பாகைக்குள் நான்கு மணிநேரம் இருக்கும் என்பார்கள். திருகோணமலையில் பகல் அறை எங்கே 25 பாகை? எனவே வாட்டில் கறந்தவுடன் ஐஸ் கட்டி போட்ட ரிஜிஃபோம் பெட்டிக்குள், வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜின் பின்பக்கத் தட்டில். கதவுத் தட்டில் வைக்கக்கூடாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு ஏறும். பிரிட்ஜில் நான்கு நாள். 60 மில்லியாகப் பிரித்து, திகதியும் நேரமும் ஒட்டி, பழையதை முன்னுக்கு வையுங்கள். சூடாக்குவது வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தித்தான், அடுப்பில் இல்லை. பிள்ளை குடித்து மிஞ்சியதை இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்கவே வேண்டாம், மூடியபடி நான்கு மணிநேரம் தாங்கும். போத்தலைவிடக் கோப்பையால் ஊட்டப் பழக்குங்கள்.

கஷுவல்டியில் மூன்று நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை கறக்கவேண்டும். வாட் சிஸ்டரிடம் முதல் நாளே சொல்லி ஒரு மூலை கேட்டு வையுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்காமல் தள்ளிப்போட்டு, பால் கட்டியாகிக் காய்ச்சலோடு படுப்பவர்கள்தான் அதிகம்.

பிள்ளையைப் பார்க்க அம்மாவையோ மாமியையோ கூப்பிடுவதுதான் நமது வழி. வருடம் முழுவதற்கும் என்று கூப்பிடாதீர்கள். இரண்டு மாதம் அம்மா, இரண்டு மாதம் மாமி என்று திகதி சொல்லிக் கேளுங்கள். அவருக்கும் சொந்தப் பந்தம், சொந்தக் கோயில், சொந்த வருத்தம் உண்டு. வரும்போது கிளினிக் கொப்பியையும் ஒரு மாத மருந்தையும் கொண்டுவரச் சொல்லி, இங்கே பிரஷர், சீனி கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். மகள் டொக்டர் என்று வந்த தாயின் சீனிதான் ஒருவரும் பார்க்காமல் ஏறும்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் உங்கள் சிவப்பு நாள் கலண்டரைக் காட்டி இரவுக்கு எவ்வளவு, பகலுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசுங்கள். வாட்டில் செய்த அதே கைமாற்றத்தை வீட்டிலும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்: கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தது, பிரிட்ஜில் எத்தனை கோப்பை, காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் எத்தனை மில்லி, யாரை அழைப்பது.

7. கையெழுத்துகளும் அடுத்த வருடமும்

ஒவ்வொரு ஆறு மாதம் முடியும் கிழமையிலேயே கன்சல்டன்ட்டின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அவர் வெளிநாட்டுப் பயிற்சிக்கோ இடமாற்றத்திலோ போய்விட்டால் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் முழுப்பதிவு நிற்கும்.

பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தின் எம்.டி. தெரிவுக்கு, இன்டர்ன் முடித்து மேலும் ஒரு வருடச் சேவை வேண்டும். அந்த ஒரு வருடத்தைப் பிள்ளையின் முதல் வருடத்தோடு பொருத்திப் பாருங்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் யார் வீட்டைத் தாங்குவது என்பதை விண்ணப்பம் போடுமுன் இருவரும் பேசிமுடியுங்கள். இருவரும் டொக்டர் என்றால் ஒருவர் பின் ஒருவராக எழுதுங்கள். ஒரே தடவையில் எழுதி இருவரும் தவறவிடுவதைவிட அது வேகமான வழி.

8. வீதி

போஸ்ட் கஷுவல்டி அன்று பின்னேரம் கார் எடுத்துக் கண்டிக்கோ கொழும்புக்கோ வெளிக்கிடாதீர்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை காட்டு வீதி. பொழுதுபட்டால் யானை குறுக்கே நிற்கும், உங்கள் கண்ணும் அப்போதுதான் சொருகும். கொழும்பு என்றால் இரவுத் தபால் ரயிலில் இருக்கை பதிவு செய்து, அரச உத்தியோகத்தருக்கான ரயில் வாரண்ட் இருந்தால் அதைப் பாவித்து, தூங்கிக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணம் என்றால் ஹொரவப்பொத்தானை, வவுனியா வழி பஸ். மட்டக்களப்பு என்றால் கிண்ணியா, மூதூர், வெருகல் வழி. வீதியால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பச்சை நாள் காலையில் வெளிக்கிடுங்கள்.